பதினேழை விட்டு உட்காருங்கோ

"தலையைக் குனி! தலையைக் குனி!"

கரையிலிருந்து அப்பா கத்துகிறார். படகு நகர்ந்துவிட்டது. உள்ளே கணுக்கால் வரை தண்ணீர். அம்மாவின் ஒரு கை தம்பி மணியின் கழுத்தைச் சுற்றி. இன்னொரு கை என் தலைமேல். அழுத்துகிறது. மேலே விமானம். முதலில் தூரத்தில் தையல் இயந்திரம் ஓடுவது போன்ற சத்தம். பிறகு தகரத்தைக் கிழிக்கும் சத்தம். பிறகு தண்ணீரில் யாரோ சரளைக்கல்லை வாரி வாரி எறிவது போல. நான் குனிந்துவிட்டேன். அப்பா சொன்னார். குனிந்தேன்.

நிமிர்ந்தபோது கரையில் புகை. ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அப்பா யார் என்று தெரியவில்லை. படகுக்காரன் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

இடம் டாங்கப். பர்மாவின் மேற்குக் கரை. ஆண்டு 1942. மாதம் மாசி. தேதி தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தேதிகளைச் சேர்ப்பவள். வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள் அல்ல. அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். பழைய பத்திரிகைகள், யுத்த வரலாறுகள், தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன். ரங்கூனில் முதல் குண்டுவீச்சு 1941 டிசம்பர் 23. செவ்வாய்க்கிழமை. அடுத்தது 25. வியாழக்கிழமை. இவை அச்சில் உள்ளவை. சரிபார்த்தேன். அச்சில் இல்லாததை ஊகித்து எழுதமாட்டேன். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுவேன். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது கீழே இருக்கிறது.

எங்களுக்குச் சொந்த ஊர் திருவனந்தபுரம். வலியசாலையை அடுத்த அக்ரகாரத் தெரு. அப்பா வைத்தியநாதன், ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. அம்மா கோமதி. என் பெயர் சாரதா. அப்போது எனக்கு ஏழு வயது. மணிக்கு நான்கு. தங்கை லலிதாவுக்கு ஒரு வயது நிறையவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வேடிக்கை. வெள்ளிப் பூச்சிகள் மாதிரி இருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். அப்பா மட்டும் கத்தினார். "படு! படு!" சமையல் மேடைக்கு அடியில் படுத்தோம். காதுக்குள் ஒரு விசில். அது வெகுநேரம் நிற்கவில்லை. எழுந்தபோது எதிர்வீடு இல்லை.

தை மாதம் கிளம்பினோம். புரோம் வரை ரயில். பிறகு ஆற்றைக் கடந்து மலைப்பாதை. நூறு மைலுக்கு மேல் நடை. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கு எட்டிய வரை நம் ஜனங்கள். தமிழர், தெலுங்கர், ஒரியர். பாதையில் காலரா. ஓரத்தில் கிடந்தவர்களை முதலில் சுற்றிப் போனோம். பிறகு தாண்டிப் போனோம்.

லலிதா மலையின் மேற்குச் சரிவில் இறந்தாள். காலையில் வாந்தி. சாயங்காலம் இல்லை. அப்பா ஒரு தகர மூடியால் பள்ளம் தோண்டினார். தேக்கிலை போட்டு மூடினார். இடுப்பில் சொருகியிருந்த சின்னப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார். "தை, தேய்பிறைப் பஞ்சமி" என்றார். அவ்வளவு சின்னக் குழந்தைக்கு எங்கள் வழக்கத்தில் திவசம் கிடையாது. திதி பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் பார்த்தார். எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

லலிதாவின் திதியைச் சொல்ல அப்பா இருந்தார். அப்பாவின் திதியைப் பார்க்க எங்களிடம் பஞ்சாங்கம் இல்லை. அது அவர் இடுப்பில் இருந்தது.

டாங்கப் கரையில் படகுக்கு அடிதடி. பெண்களும் குழந்தைகளும் முதலில் என்றார்கள். அப்பா எங்களைத் தூக்கி ஏற்றினார். அடுத்த படகில் வருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை மேலே எழுதிவிட்டேன். அந்த இரவுகளில் நிலா இல்லை. அமாவாசைக்கு முன்பா பின்பா என்று அம்மாவுக்குக் கடைசிவரை சொல்லத் தெரியவில்லை.

சிட்டகாங். கல்கத்தா. மதராஸ். பிறகு திருவனந்தபுரத்தில் தம்பானூர் ரயில் நிலையம். அப்பாவின் அண்ணா எங்களை அழைக்க வந்திருந்தார். எங்கள் பெரியப்பா. அவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், பெட்டியின் வாசலைப் பார்த்தார். ரயில் காலியாகும் வரை பார்த்தார். பிறகு அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். குங்குமம் இருந்தது. மணியைத் தூக்கிக்கொண்டார்.

தெருவுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. அதில் அந்த வருடம் ஒரு பட்டாளக் கொட்டகை எழும்பியது. செங்கல் சுவர். தகரக் கூரை. சிமெண்ட் தரை. போர்முனையில் அடிபட்டவர்கள் தங்கித் தேறுவதற்காகக் கட்டியது. ஒரு நீளச் சுவரில் ஒன்று முதல் இருபது வரை கறுப்பு மையில் எண்கள். எதிர்ச் சுவரில் இருபத்தொன்று முதல் நாற்பது வரை. ஒரு எண்ணுக்கு ஒரு கட்டில். ஆட்களைக் கூட எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

பர்மா முனையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அம்மா மோர்ப் பானையோடு கிளம்பினாள். அக்ரகாரத்துப் பெண் பட்டாளக் கொட்டகைக்குப் போவதா என்று தெரு பேசியது. பெரியப்பா திண்ணமாக மறுத்தார். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். தடுத்தவர்களிடம் அவள் சொன்னது ஒன்றுதான். "கேக்கறதுக்குத்தான் போறேன். கேட்டுட்டு வந்துடுவேன்."

கேட்டாள். வேலிக்கு வெளியே நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும். இரண்டு ஆண்டுகள். பெரும்பாலும் தலையை ஆட்டினார்கள். சிலருக்கு மொழி புரியவில்லை. மோரைக் குடித்துவிட்டுக் கும்பிட்டார்கள்.

அது 1944 ஐப்பசி. இங்கே துலாம் மழை என்பார்கள். காவலாள் எங்களை உள்ளே விட்டான். பதினேழாம் கட்டிலில் புதிதாக ஒருவர். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. பெயர் ஞானமுத்து. மார்த்தாண்டம் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னாள். பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஆளின் நிறம், உயரம், வழுக்கை எல்லாம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"அப்படி ஒரு ஆளைக் கண்டிருக்கேன் அம்மா. சிட்டகாங்குல, அகதி ஆஸ்பத்திரியில. நம்ம பாஷைதான். பெண்ணும் பிள்ளைகளும் வள்ளத்துல முன்ன போயாச்சு, நான் பொறத்த போவணும்னு, வாறவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லிட்டே கெடந்தாரு."

அம்மா கேட்டாள். "காதிலே அடையாளம் உண்டோ?"

"உண்டு. இடது காது. நுனி இல்ல."

அப்பாவுக்கு இடது காதின் நுனி கிடையாது. சின்ன வயதில் நாய் கடித்தது.

அம்மா அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள். முதுகு சுவரில். தலைக்கு மேல் பதினேழு. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. தகரக் கூரையில் மழை எப்படி இருக்கும் என்று டாங்கப்பில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணியும் நானும் கட்டிலுக்கு அடியில் புகுந்தோம். ஞானமுத்து தலையைத் தொங்கப்போட்டு எங்களைப் பார்த்தார்.

"மழையாக்கும் மக்கா. வெளிய வாங்க."

நாங்கள் வரவில்லை. அடியிலிருந்து எனக்கு அம்மாவின் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். பர்மாவை விட்ட பிறகு அவள் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

சில வாரங்களில் ஞானமுத்துவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா சிட்டகாங்குக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள்.

1945இல் யுத்தம் முடிந்தது. பட்டாளம் போனது. கட்டில்கள் போயின. கொட்டகை எங்கள் தெருவுக்கு வந்தது. தெருவின் பொதுக்காரியங்களைப் பார்ப்பதற்கு ஒரு சமூகம் உண்டு. அது கொட்டகையை ஏற்றுக்கொண்டது. கல்யாணம், சமாராதனை, பூணூல், வாசகசாலை. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். எண்களை மட்டும் அடிக்கவில்லை. பந்திக்கு வசதியாக இருந்தது. ஒரு எண்ணுக்கு ஒரு இலை. பரிமாறுகிறவர்கள் கத்துவார்கள். "இருபத்தொண்ணுலேருந்து ரசம்!" "எட்டாம் நம்பருக்கு அப்பளம் வரல்லை!" பட்டாளம் போட்ட எண் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒழுங்காயிற்று.

சுமங்கலிகள் பந்தி தனி. புருஷன் இருக்கும் பெண்கள் மட்டும் உட்காரும் வரிசை. அம்மா பதினேழில் உட்கார்ந்தாள். யாரும் அவளுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. அவள் போய் உட்கார்ந்தாள். அதுவே வழக்கமாயிற்று.

கொட்டகையில் நடந்த முதல் கல்யாணம் நினைவிருக்கிறது. பெண்கள் பந்தி. இலையில் பருப்பு விழுந்திருந்தது. கோயிலில் கதினா வெடி வைத்தார்கள். இரும்புக் குழாயில் மருந்தைக் கிட்டித்து வெடிப்பது. ஒன்று. இரண்டு. தகரக் கூரை அதிர்ந்தது. அம்மா கத்தினாள்.

"தலையைக் குனி! தலையைக் குனி!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ. வரிசை முழுதும் குனிந்தது. இருபது பெண்கள். மூக்கு இலையில் படுகிற அளவுக்கு. பரிமாற வந்தவர் சாம்பார் வாளியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வெடி கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பக்கத்து இலையில் இருந்த தங்கம் மாமி முதலில் நிமிர்ந்தாள். அவள் வாய் தெருவுக்கே தெரிந்த வாய்.

"ஏண்டீ கோமதி, பாயசம் வரதுக்கு முன்னாடியே கும்பிட வச்சுட்டியே!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஒரு கை மட்டும் இலையின் விளிம்பை விடவில்லை. தங்கம் மாமி தன் இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

இனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருப்பார்கள். அதற்குள் சேதி இல்லையென்றால் இறந்தவராகக் கொள்வார்கள். தர்ப்பையாலும் புரச இலைக் காம்பாலும் ஆள் உருவம் கட்டி எரிப்பார்கள். மகன் கொள்ளி வைப்பான். மனைவி அன்றைக்கே விதவை.

மாசி வந்தது. பன்னிரண்டாவது மாசி. பெரியப்பா சமூகத்தைக் கூட்டினார். கொட்டகையில்தான் கூட்டம். ஆண்கள் உள்ளே. பெண்கள் பின்வாசலுக்கு வெளியே. தலைவர் ஓய்வுபெற்ற முன்சீப். வழக்கு கேட்டுப் பழகியவர்.

பெரியப்பா எழுந்தார். அவர் கொடுமைக்காரர் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடம் எங்களுக்குச் சோறு போட்டவர்.

"என் தம்பிக்கு எள்ளும் தண்ணியும் நான் விடல்லை. அவன் பசியும் தாகமுமா எங்கேயோ அலையறான். எனக்குச் சோறு எறங்கல்லை. ராத்திரி தண்ணி குடிச்சா தொண்டை அடைக்கறது. இதுல எனக்கு என்ன லாபம்? சொல்லுங்கோ. என்ன லாபம்?"

அழுதார். அவர் அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பின்வாசலிலிருந்து அம்மாவின் குரல். "சேதி வந்திருக்கு. சேதி வந்த நாள்லேருந்து எண்ணச் சொல்லுங்கோ."

"கேட்டது ஆரு? சாட்சி உண்டோ?" என்றார் முன்சீப்.

என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. ஆண்கள் நடுவில் போய் நின்றேன். ஞானமுத்து சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். முன்சீப் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"காதுன்னு முதல்ல சொன்னது ஆரு? பட்டாளக்காரனா, உன் அம்மாவா?"

"அம்மா."

சலசலப்பு. பெரியப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"எந்தக் காதுன்னு அம்மா சொன்னாளோ?"

"சொல்லல்லை. இடதுன்னு அவர்தான் சொன்னார். நுனி இல்லேன்னும் அவர்தான் சொன்னார்."

பின்னாலிருந்து யாரோ: "அடையாளம்னா வேற என்ன இருக்கப்போறது! காதுன்னாலும் மொத்தமே ரெண்டுதானே ஓய்!"

சிலர் சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை.

பெரியப்பா என்னிடம் கேட்கவில்லை. வாசலைப் பார்த்துக் கேட்டார். "சிட்டகாங்கிலே உசிரோட இருந்தான்னா ஒரு கார்டு போட மாட்டானா? எழுதத் தெரியாதவனா அவன்? சொல்லு கோமதி. ஒரு கார்டு."

கூரையில் ஒரு தென்னம்பாளை விழுந்து உருண்டது.

"போட்டிருப்பார்" என்றாள் அம்மா. "வந்து சேரல்லை."

முன்சீப் முடிவு சொன்னார். "நிஜமோ பொய்யோ, சேதி சேதிதான். கடைசியாத் தெரிஞ்சது அதாக்கும். அந்த ஐப்பசியிலேருந்து பன்னெண்டு எண்ணுங்கோ. அதுவரை கோமதி கோமதியாவே இருக்கட்டும்."

அப்படித்தான் அம்மாவுக்கு மேலும் இரண்டு ஆண்டும் சில மாதங்களும் கிடைத்தன. ஒரு வார்த்தையின் பலத்தில். இடது.

ஞானமுத்து கண்டது அப்பாவைத்தானா? தெரியாது. மோர் கொண்டுவந்த ஒரு பெண்ணுக்காகச் சொன்ன பொய்யா? தெரியாது. எழுபது வருடமாக இரண்டையும் எடை போட்டுப் பார்க்கிறேன். ஒருநாள் ஒரு தட்டு தாழும். மறுநாள் மற்றது. மார்த்தாண்டத்துக்குப் போய்த் தேடினேன். அங்கே ஞானமுத்துக்கள் நிறைய. கால் இல்லாத பட்டாளக்காரர் ஒருவர் இருந்தாராம். அவர் இறந்து நெடுநாள் ஆகியிருந்தது. அவர்தானா என்று சொல்ல யாரும் இல்லை.

அந்த ஐப்பசி வந்தது. மழையோடு வந்தது. பெரியப்பா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். அம்மா தானாகவே சொன்னாள்.

"ஆகட்டும். மணியைக் கூப்பிடுங்கோ."

உருவம் கட்ட ஆளின் உயரம் வேண்டும். வாத்தியார் கேட்டார். பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. தம்பி தன்னைவிட உயரமா குட்டையா என்றே தடுமாறினார். மணிக்கு அப்பாவின் முகமே நினைவில்லை. அம்மா கொட்டகைக்குள் வந்தாள். பதினேழாம் எண்ணுக்கு நேராகச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். தலைக்கு மேல் கையை வைத்தாள். பிறகு நகர்ந்து, அந்த இடத்திலிருந்து மேலே ஒரு சாணும் நான்கு விரலும் அளந்தாள். விரல் எண்ணின் அடிக்கோட்டில் முட்டியது.

"இவ்வளவு" என்றாள்.

வாத்தியார் நூல் பிடித்து அளந்தார். அந்த அளவுக்குப் புல் கட்டினார்கள். கரமனையாற்றங்கரையில் எரித்தார்கள். புல் சீக்கிரம் எரிந்துவிட்டது. மனித உடம்புக்கு ஆகும் நேரம் ஆகவில்லை. எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். மணிக்குப் பதினெட்டு வயது. கைச்சூடு ஆறும் முன்னே முடிந்துபோயிற்று என்று பிறகு என்னிடம் சொன்னான்.

திவசத்துக்குத் திதி வேண்டும். மாதம் தெரியும், திதி தெரியாது என்றால் அமாவாசை வைத்துக்கொள்ளலாம் என்றார் வாத்தியார். மாசி அமாவாசை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் மணி எள்ளும் தண்ணீரும் விட்டான். அது சரியான நாள் அல்ல. சரியான நாளாகவும் இருக்கலாம். அன்று முதல் நான் தேதிகளைச் சேர்க்கிறேன்.

பெரியப்பா அதற்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். அதில் எனக்குக் கோபம் இல்லை.

அடுத்த மாதம் கொட்டகையில் ஒரு சீமந்தம். சுமங்கலிகள் பந்தி. நான் பரிமாறப் போயிருந்தேன். பெண்கள் ஒன்றிலிருந்து வரிசையாக உட்கார்ந்து வந்தார்கள். பதினாறில் தங்கம் மாமி. அடுத்து உட்கார வந்த பெண்ணைப் பார்த்து அவள் சத்தமில்லாமல் சொன்னாள்.

"பதினேழை விட்டு உக்காருங்கோ."

அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தீர்மானம் போடவில்லை. சமூகத்தின் ஆண்களுக்கு அது தெரியவே தெரியாது. அன்று முதல் எந்தப் பந்தியிலும் பதினேழில் இலை போடுவதில்லை. ஒரு இலை அகலத்துக்குச் சிமெண்ட் தரை வெறுமையாக இருக்கும்.

அம்மா பிறகு எந்த விருந்துக்கும் உள்ளே வரவில்லை. வெள்ளைப் புடவையோடு பின்வாசலுக்கு வெளியே வந்து நிற்பாள். நான் போவேன்.

"விட்டிருக்காளோ?"

"விட்டிருக்கா."

போய்விடுவாள்.

அம்மா இறந்தது ஒரு பங்குனி உத்திரம். நான் பக்கத்தில் இருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். திதியைப் பார்த்தேன். நட்சத்திரத்தைப் பார்த்தேன். எல்லாம் தெரியும். பிறகு தங்கம் மாமி போனாள். முன்சீப் முன்பே போயிருந்தார். பதினேழை விடுகிற வழக்கம் மட்டும் நிலைத்தது. காரணம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். காரணம் இல்லாத இடத்தில் கதை வந்து உட்கார்ந்துவிட்டது.

கதையை நான் முதலில் கேட்டது கொரோனா காலத்தில். கொட்டகையில் தடுப்பூசி போட்டார்கள். எண்ணுக்கு ஒரு நாற்காலி. கால் வலித்தது. பதினேழுக்குக் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தொண்டு செய்ய வந்த பெண் ஓடி வந்தாள்.

"அய்யோ மாமி, அங்க இருக்கண்டாம்! அது சரியில்லாத்த எடமாக்கும். பட்டாளக்காரன் செத்த கட்டில்."

என்னைக் கைப்பிடித்துப் பதினெட்டுக்கு மாற்றினாள். நல்ல பெண். கை மென்மையாக இருந்தது.

இந்த வருடம் கொட்டகையைப் புதுப்பித்தார்கள். தகரம் போய் வேறு கூரை. தரைக்கு டைல். சுவருக்கு இளமஞ்சள் பெயிண்ட். எண்கள் இனி தேவையில்லை. இப்போது மேஜை நாற்காலியில்தான் சாப்பாடு. சமூகத்தின் செயலாளர் ஹரி வீட்டுக்கு வந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர். அவசரத்தில் பேசுபவர்.

"மாமி, ஒரு உபகாரம் வேணும். பெயிண்டர்மார் பதினேழைத் தொட மாட்டேங்கறா. ஹால் ஓபனிங் அடுத்த வாரமாக்கும். மாமிதானே பழைய ஆள். அங்க ஒண்ணும் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ."

போனேன். எல்லாச் சுவரும் மஞ்சளாகிவிட்டது. ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும் பழைய வெள்ளை. நடுவில் கறுப்பாகப் பதினேழு. பெயிண்டர் முருகன், வள்ளியூர்க்காரர். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தப்பா நெனைக்காதிய ஆச்சி. காலு அழுகிச் செத்துட்டானாம்லா அந்தப் பட்டாளத்துக்காரன். எங்க வீட்லயும் பிள்ளையளு இருக்கு. எதுக்கு வம்புன்னுதான்."

நான் அந்த எண்ணைப் பார்த்தேன். அதன் அடிக்கோடு அப்பாவின் உயரம். நான் பேசாமல் திரும்பினால் அது அங்கேயே இருக்கும். பயம் அதைக் காப்பாற்றும். உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் மஞ்சளாகிவிடும். எது வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஹரி கைபேசியைப் பார்த்தார்.

அம்மா பன்னிரண்டு வருடம் காவல் காத்தது ஒரு பேயை அல்ல.

"இங்கே ஒருத்தரும் சாகல்லை" என்றேன். "இந்த எடத்திலேதான் ஒருத்தர் உசிரோட இருக்கார்னு சேதி வந்தது."

முழுவதையும் சொன்னேன். ஹரி கைபேசியைப் பையில் போட்டார். முருகன் வாளியைக் கவிழ்த்து எனக்கு உட்காரக் கொடுத்தார். முடித்தபோது அவர் கேட்டார்.

"பொறவு வந்தாகளா, ஆச்சி?"

"இல்லை."

அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஹரியைப் பார்க்கவில்லை.

"அப்பம் அடிச்சிரட்டுமா?"

"அடிங்கோ."

மற்ற இடத்துக்கெல்லாம் உருளை. இதற்கு மட்டும் முருகன் தூரிகை எடுத்தார். மேலிருந்து கீழாக. முதல் பூச்சில் எண் தெரிந்தது. இரண்டாவதிலும் லேசாகத் தெரிந்தது. மூன்றாவதில் போயிற்று.

திறப்பு விழாவுக்குப் போனேன். அந்த இடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம். மடியில் குழந்தை. கோயிலில் கதினா வெடித்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் குனிந்துவிட்டேன்.

மணியும் போன வருடம் போய்விட்டான். சுவரில் எழுதியிருந்தது இல்லை. ஆகவே தாளில் எழுதுகிறேன். கணக்கு இது.

ரங்கூன் தெருவில் எதிர்வீடு. உள்ளே எத்தனை பேர், தெரியாது. சிரித்தவரின் பெயரும் எனக்கு மறந்துவிட்டது.

லலிதா. தை, தேய்பிறைப் பஞ்சமி. தேக்கிலைக்கு அடியில்.

பாதையில் நாங்கள் தாண்டிப் போனவர்கள். எண்ணவில்லை. அம்மா எண்ண விடவில்லை.

அப்பா வைத்தியநாதன். எரித்த உருவம் ஒன்று. உடல் இல்லை. இடுப்பில் இருந்த பஞ்சாங்கமும் இல்லை. தேதி தெரியாது.

ஞானமுத்து. ஒரு கால். மற்றது தெரியாது.

அம்மா கோமதி. நெற்றிக் குங்குமம், ஒரு ஐப்பசியில். உயிர், ஒரு பங்குனியில்.

பதினேழாம் எண்ணில் இறந்தவர்: ஒருவரும் இல்லை.